ஜெலாப்பாங்கில் ஆலோலம்

“கதவத் திறக்கறப்போ கால குறுக்க வச்சுக்க தம்பி. அந்த இடுக்குலயே நாரதர் நழுவிடுவான்.”

பெரியம்மா மூன்றாவது முறையாக இதைச் சொல்லிவிட்டுக் காடியில் ஏறினார். மலேசியத் தமிழர்களில் பழைய ஆட்களுக்குக் கார் இன்னும் காடிதான். பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், அவரைக் கண் பரிசோதனைக்கு ஈப்போவுக்கு அழைத்துப் போகிறார். ஒரு மணிக்குள் திரும்பிவிடுவார்கள். மூன்று மணிக்கு நாடகம். அதுவரை வீடும் மூன்று பூனைகளும் ஒரு தகரப் பெட்டியும் என் பொறுப்பு.

அடுக்களை மேடையில் கெம்போங் மீன் அவித்து வைத்திருந்தது. நம்மூர்க் கானாங்கெளுத்தி வகை. முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, மூன்று தட்டில் மூன்று மூலையில் வைக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்தால் மிலோவுக்கு ஒரு வாய் கூட மிஞ்சாது. மிலோ பழுப்பு நிறத்தவள். இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கலக்கிக் குடிக்கும் பானத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். கிராணி சாம்பல் நிறக் கிழவன். தோட்டத்துக் கிராணி விடியற்காலைப் பெரட்டில் நின்று யார் வந்தார், யார் வரவில்லை என்று பேர் போடுவது மாதிரி, இவன் வாசல் திட்டில் உட்கார்ந்து தெருவில் போவோர் வருவோரையெல்லாம் பார்த்து வைத்துக்கொள்வான். நாரதர் கறுப்பும் வெள்ளையும். ஒன்றரை வயது. இவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று பெரியம்மா சொல்லவில்லை. வந்த முதல் இரவே நான் தெரிந்துகொண்டேன்: கிராணியின் வாலைக் கடித்துவிட்டு ஓடினான், கிராணி திரும்பி மிலோவை அறைந்தான், மிலோ என் பெட்டிக்குள் பாய்ந்து சட்டைகளைக் கிழித்தாள். நாரதர் அலமாரி உச்சியில் உட்கார்ந்து மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்தால், 1917இல் கட்டி முடித்த வெள்ளை மாளிகை போன்ற நிலையத்தில் இறக்கிவிடுகிறது ஈப்போ. அங்கிருந்து வடமேற்கே போனால் ஜெலாப்பாங். மேற்கில் கெலடாங் மலை. வடக்கிலிருந்து வரும் நெடுஞ்சாலை மெனோரா சுரங்கத்தைத் தாண்டி நீண்ட இறக்கமாக இங்கேதான் வந்து விழுகிறது. அந்த இறக்கத்தின் அடியில் முன்பு ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காத லாரிகள் அதில் வந்து மோதிய கதைகளை அண்ணன் இன்னும் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார். 2009இல் சாவடியை எடுத்துவிட்டார்கள். மலாயா அவசரகாலத்தில் சீனக் குடும்பங்களைக் குடியேற்றிய புது கிராமம் ஒரு பக்கம்; தோட்டங்கள் உடைந்தபின் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்த தாமான் வீடுகள் இன்னொரு பக்கம். பெரியம்மாவின் வீடு இந்த இரண்டாவது வகை. முன்னால் கார் நிற்கும் இடம், பின்னால் ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து, தலைக்கு மேலே கம்பிகள், கம்பி நிறைய மைனாக்கள்.

ஜெலாப்பாங் என்றால் மலாயில் நெற்களஞ்சியம். தானியம் சேர்த்து வைக்கும் குதிர். இதை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு மலாய் அம்மா. நாரதர் மதில் ஏறி அவர் வீட்டுக்குள் போனபோது அவனைக் கையில் ஏந்தி வந்து கொடுத்தவர். களஞ்சியம் என்ற பெயருள்ள ஊரில் பூனைகளைக் காப்பது எனக்குப் பிடித்திருந்தது. மனிதன் பூனையைப் பிடித்து வந்து பழக்கவில்லை. அவன் தானியத்தைச் சேர்த்து வைத்தான், தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது, வந்தது தங்கிவிட்டது. சைப்ரஸ் தீவில் மனிதன் ஒருவனோடு சேர்த்துப் புதைத்திருந்த பூனையின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள்; 9,500 ஆண்டுப் பழமை. அத்தனை காலமாக அது நம் அரிசிப் பானையைச் சுற்றி வருகிறது.

இந்தப் பக்கத்துப் பூனைகளுக்கு வால் வேறு மாதிரி. நாரதருக்கு வால் பாதிதான், அதுவும் நுனியில் முடிச்சு விழுந்தது போல மடங்கியிருக்கும். கதவிடுக்கில் நசுங்கியதோ என்று முதலில் பதறினேன். பிறவியே அப்படித்தான். மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளுக்கு வால் குட்டையாக, பல நேரம் நுனியில் முடிச்சோடு இருப்பதை டார்வின் 1868இல் வெளியிட்ட நூலிலேயே குறித்து வைத்திருக்கிறார். பெரியம்மா தோட்டத்தில் வளர்த்த பூனைகளுக்கும் இதே வால்தானாம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த அவருடைய அப்பா, நீண்ட வால் பூனையை இந்த நாட்டில் தேடித் தேடிப் பார்த்தாராம்.

பத்தரை மணிக்குத் தகரப் பெட்டியைத் திறந்தேன். பெரியம்மா சொன்ன வேலைதான் அது: உள்ளே இருப்பதை வெளியே எடுத்துப் பாச்சை உருண்டை வாசம் போகக் காற்றாட விட வேண்டும். ஜரிகை வைத்த பட்டு மேல்சட்டை ஒன்று, கிளிஞ்சல் மாலை, மயிற்பீலிக் கட்டு, மரத்தில் செதுக்கிய வேல், எல்லாவற்றுக்கும் அடியில் பழந்துணியில் சுற்றிய ஒரு கவண். பருத்தி நூலை மூன்றாகப் பிரித்துப் பின்னிய கவண். கல் வைக்கும் இடத்தில் நெய்த சிறு தொட்டில். ஒரு முனையில் விரல் நுழையும் வளையம். பெரியம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, தன் கையால் பின்னியது. அறுபதுகளின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், ‘வள்ளி திருமணம்’ போட்டபோது, வள்ளி வேடம் கட்டிய பதினேழு வயசுப் பையன் அவர்தான்.

வாசலில் தபால்காரர் மணி அடித்தார். காலைக் குறுக்கே வைத்தபடி கதவைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. மயிற்பீலி கூடம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. மிலோ பட்டுச் சட்டைமேல் படுத்திருந்தாள். கிராணி திட்டை விட்டு அசையவே இல்லை. கவணைக் காணோம்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் பார்த்தேன். சோபாவைச் சாய்த்துப் பார்த்தேன். சாமி மாடத்துக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குள், குளியலறை வாளிகளுக்கு நடுவே. நாரதர் அடுக்களையில் அரிசி டின்மேல் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தான். அது அவன் வழக்கமாக உட்காரும் இடம். சோற்றுத் தட்டைக் காட்டினாலும் இறங்கவில்லை. தட்டை மேலேயே வைத்தேன், தின்றான். தொலைந்தது அறுபது வருஷத்துக்கு முன் செத்துப்போன ஓர் உலகத்திலிருந்து வந்த பொருள். என் கைகள் நடுங்கின.

பெரியம்மா திரும்பி வந்ததும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு, “பசியாறுனியாப்பா காலைல?” என்று கேட்டார். அவருக்கு அந்தக் கவண் என்ன என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை.

என் அம்மா பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தது. நீலக் கார்டு உள்ளவர்கள் நின்றார்கள். சிவப்புக் கார்டு உள்ளவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். தாத்தா சிவப்பு. பெரியம்மாவும் பெரிய மாமாவும் நீலம், அதற்குள் இருவருக்கும் தனித்தனியே கல்யாணமும் ஆகிவிட்டிருந்தது. தாத்தா பன்னிரண்டு வயசுக் கடைசிப் பெண்ணை மட்டும் அழைத்துக்கொண்டு ‘ரஜூலா’ கப்பலேறினார். அந்தக் கடைசிப் பெண்தான் என் அம்மா. ஒரே வீட்டுப் பிள்ளைகளை அட்டையின் நிறம் பிரித்தது. அம்மா கடைசிவரை இந்த மண்ணைத் திரும்பப் பார்க்கவில்லை. மழை பெய்யும் மத்தியானங்களில் மட்டும், “இந்நேரம் ஆயாக் கொட்டகைல ஒத்திகை நடக்கும்” என்பார். எனக்கு அது புரிந்ததில்லை.

நாடகத்துக்கு ஈப்போ போகும் வழியில் பெரியம்மா புரிய வைத்தார். பால்மரம் வெட்டுவது விடியுமுன் தொடங்கும் வேலை. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் நின்றுவிடும். வெட்டி முடித்து, மங்கு மங்காகச் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தால் மத்தியானத்தோடு விடுதலை. மரப்பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டே கிடையாது, மழைத் தண்ணீர் பாலோடு கலந்து மங்கை வழிய விட்டுவிடும். வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. சம்பளம் இல்லாத அந்த ஈர மத்தியானங்களில்தான் நாடகம் வளர்ந்திருக்கிறது. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை அன்று காலியாக இருக்கும். அங்கே ஆர்மோனியம் வரும். வாத்தியார் வருவார். மேனியில் ஊறிப்போன பால் நாற்றத்தோடு வள்ளியும் முருகனும் நாரதரும் வருவார்கள்.

“எங்களையெல்லாம் சேக்க மாட்டாங்க. பொம்பள வேஷமும் ஆம்பளதான். எங்கண்ணன் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால நின்னு பாடிப் பாக்கும். நான் அரிசி பொறுக்கிக்கிட்டே கேப்பேன். அதுக்கு முன்னாலயே எனக்கு மனப்பாடம்.”

ஒரு முறையாவது மேடை ஏறியிருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிலிபின் கடந்து புந்தோங் வந்துகொண்டிருந்தது.

புந்தோங்கில் இறங்கிக் கச்சாங் பூத்தே வாங்கினோம். கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி என்று கண்ணாடிப் புட்டிகளும் மூட்டைகளுமாக ஈப்போத் தமிழர்களின் அடையாளத் தின்பண்டம். இதை விற்றவர்கள் முன்பு குனோங் செரோ மலையடியில் இருந்தார்கள். 1973 அக்டோபரில் அந்தச் சுண்ணாம்பு மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து வீடுகள்மேல் விழுந்தது. 40 பேர் வரை போனார்கள், கட்டியிருந்த மாடுகளும் போயின. அதே மலையில்தான் முருகன் கோயில், கல்லுமலைக் கோயில். தைப்பூசத்தன்று காவடிகள் புந்தோங்கிலிருந்து புறப்பட்டு அங்கே போகின்றன. அண்ணன் காடியை மெதுவாக ஓட்டி மலையைக் காட்டினார். வெட்டுப்பட்ட இடம் இன்னும் வெளுத்துத் தெரிகிறது என்று எனக்குப் பட்டது.

நாடகம் ஒரு கல்யாண மண்டபத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், தகரக் கூரை, மேடையில் தினைப்புனம் தீட்டிய திரை. இந்த வகைத் திரை நமக்குப் பார்சி நாடகக் கம்பெனிகள் கொடுத்துவிட்டுப் போனது. அதே கம்பெனிகள் 1870களில் பினாங்குக்கும் வந்தன. அவற்றைப் பார்த்துத்தான் மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகம் பிறந்தது, 1885இல் மாமாக் பூஷி முதல் குழுவைக் கட்டினார். கடல் தாண்டி வந்த ஒரே திரைக்கு முன்னால் தமிழன் ஒரு பக்கம் வள்ளியைப் பாட, மலாய்க்காரன் இன்னொரு பக்கம் தன் ராஜா கதைகளைப் பாடினான். ஈப்போவில் இசைக்கும் நாடகத்துக்கும் இருந்த மதிப்புக்கு, ‘பேராக் சங்கீத சபா’ என்ற பெயரிலேயே ஒரு தமிழ்ப்பள்ளி இருப்பதைச் சொன்னால் போதும்.

‘வள்ளி திருமணம்’ சங்கரதாஸ் சுவாமிகள் வழியாக நம் மேடைக்கு வந்தது. 1867இல் தூத்துக்குடியில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். 1918இல் மதுரையில் பையன்களை வைத்தே ஒரு பால சபை கட்டினார். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் திருவிழா என்றால் இரவு பத்து மணிக்கு பபூன் வந்து தொடங்கி, வள்ளிக்குக் கல்யாணம் ஆகும்போது கிழக்கு வெளுத்திருக்கும். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் மட்டுமே ஒரு மணி நேரம் போகும். இங்கே எல்லாவற்றையும் இரண்டரை மணிக்குள் சுருக்கியிருந்தார்கள். எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் முன் வரிசையில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தபின் போய்விட்டது.

பெரிய மாமாவின் பேத்திதான் வள்ளி. பெரியம்மா ஒப்பனை அறைக்குள் போய் அவளிடம் ஏதோ சொன்னார். கவண் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். மேடைக்கு வந்தபோது அவள் கையில் ஒரு சிவப்புத் துப்பட்டா இருந்தது. பரண்மேல் ஏறி நின்று அதைச் சுழற்றி ஆலோலம் பாடினாள். கிளியே போ, குருவியே போ என்று புனத்தைக் காக்கும் பெண். அந்தத் தொடக்கக் காட்சியில் சண்டை கிடையாது, கடவுள் கிடையாது. விளைந்ததைக் காத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக நிற்கிறாள், அவ்வளவுதான். தோட்டத்து ஜனங்கள் எத்தனையோ நாடகங்களை விட்டுவிட்டு இதை ஏன் விடவில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அடுத்தவன் மரத்தை, அடுத்தவன் பிள்ளையை, அடுத்தவன் பங்களாவைக் காத்தே தேய்ந்த தலைமுறைகள் அவை. வள்ளி காத்தது அவள் வீட்டுத் தினை.

நாரதராக வந்த பையனுக்குப் பதினைந்து வயதிருக்கும். தம்புராவைப் பிடித்த கை ஆடியது. முதல் அடி வாயில் வரவில்லை. பாற்கடலைக் கண்ட பூனை அதை முழுக்க நக்கிவிட ஆசைப்படுவது போலத்தான் ராமகாதையைச் சொல்லப் புகுந்தேன் என்று கம்பரே அவையடக்கத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் நிற்பதும் அப்படி ஒரு கரையில்தான். ஆர்மோனியக்காரர் சுருதியை அழுத்திப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வலப்பக்கத்திலிருந்து மெல்லிய குரல் கேட்டது. பெரியம்மா. கண்ணை மூடிக்கொண்டு அந்த அடியைப் பாடினார். மேடைக்கு எட்டியிருக்காது. ஆனால் அதே கணத்தில் பையனும் பிடித்துவிட்டான்.

வேடன் வந்து விருத்தன் ஆன நேரத்தில் மழை பிடித்தது. ஈப்போவின் மத்தியான மழை. தகரக் கூரையில் விழுந்தால் வேறு ஓசை எதுவும் நிற்காது. மைக் செத்தது. கிழவர் தினைமாவு விக்கித் தண்ணீர் கேட்பது யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் நாற்காலிகளை மேடைக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தது. விநாயகர் யானையாக வரும் காட்சியில் சாம்பல் நிறப் போர்வைக்குள் இரண்டு பையன்கள் புகுந்து ஓடினார்கள். பிள்ளைகள் அலறிய அலறலில் மழையே தோற்றது. வள்ளி கிழவரைக் கட்டிக்கொண்டாள். பெரியம்மா உதடசைத்து அவள் வசனத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சொல்லி முடித்தார். என் அம்மா சொன்ன மழை மத்தியானம் இதுதான். பால் வெட்டில்லாத நாள், கூரைமேல் மழை, கூரைக்கடியில் வள்ளி.

வீடு திரும்பும்போது ஆறரை. மழை விட்டிருந்தது. காலைக் குறுக்கே வைத்துக் கதவைத் திறந்தேன். யாரும் ஓடி வரவில்லை. மிலோ மறுபடியும் தகரப் பெட்டிக்குள். கிராணி ஜன்னல் விளிம்பில். பெரியம்மா இரவுச் சோற்றுக்கு அரிசி அளக்க அடுக்களைக்குப் போனார். “இறங்குடா” என்று நாரதரைத் தூக்கிக் கீழே விட்டார். அவன் இறங்கியதும் டின்னுக்கும் அது நிற்கும் பலகைக்கும் இடையிலிருந்த சந்துக்குள் கையை நுழைத்து எதையோ தடவினான். வெள்ளையாக ஒரு நூல் முனை வெளியே வந்தது. விரல் வளையம்.

நான் டின்னைத் தூக்கிப் பிடித்தேன். கவணோடு இரண்டு மயிற்பீலி, என் பேனா, காய்ந்த பல்லி ஒன்று. நாள் முழுக்க அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

பெரியம்மா அவனைத் திட்டவில்லை. அவன் தலையை ஒரு முறை தடவினார். கவணை முந்தானையில் துடைத்து, நூல் எங்காவது அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. அரிசியை அளக்காமலே பின்கதவைத் திறந்துகொண்டு சந்துக்குப் போனார். நான் பூனைகளுக்காகக் கதவில் கால் வைத்து நின்றேன்.

கம்பியில் மைனாக்கள் அடைய வந்து நெருக்கியடித்துக் கத்திக்கொண்டிருந்தன. அவர் வளையத்துக்குள் விரலை விட்டார். தொட்டிலில் கல் வைக்கவில்லை. கையை உயர்த்தி, தலைக்கு மேலே ஒரு சுற்று, இரண்டு சுற்று. எழுபத்தைந்து வயதுத் தோள் தயங்காமல் சுழன்றது. அப்புறம் குரல் எடுத்தார். மண்டபத்தில் என் காதருகே கேட்ட மெல்லிய குரல் இல்லை அது. பக்கத்து வீட்டு மலாய் அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார், சாத்தவில்லை. ஆலோலம் சந்தின் இரண்டு மதில்களிலும் பட்டுப் போயிற்று. மைனாக்கள் அத்தனையும் ஒன்றாக எழுந்து கெலடாங் மலைப் பக்கம் பறந்தன.

பெரியம்மா இன்னொரு முறை சுழற்றினார்.